வேலூரில் தோன்றிய முதல் திரைப்படைப்பாளர்: நடராச முதலியாரும் மறைந்துபோன அவர்தம் படங்களும்

தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்வார்க்கு மறைந்துபோன நூல்கள் புதியன அல்ல. தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைத்திலது. வளையாபதி சில செய்யுட்களாகவே எஞ்சி நிற்கின்றது. எனினும் புறத்திரட்டுத் தொகுத்தோரும் உரையாசிரியரும் எடுத்தாண்ட பாடல்களைக் கொண்டு, அந்நூல்களின் போக்கையும் நடையையும் ஒருவாறு உணர்கின்றோம். மயிலை சீனி வேங்கடசாமியவர்கள் மறைந்த நூல்களைப் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றியதும் இத்தகைய மேற்கோள்களின் துணைகொண்டே. ஆனால் மறைந்தது ஒரு திரைப்படமாயின் என் செய்வது? படத்தின் ஒரு காட்சியை எவ்வுரையாசிரியரும் மேற்கோளாக எடுத்தாள இயலாது. சுருள் அழிந்தால் அதன் அசைவும் ஒளியும் நிழலும் உடன் அழிகின்றன. எஞ்சுவன பெயரும், சில எண்களும், கண்டோர் நினைவும் மட்டுமே.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய 'கீசக வதம்' என்பதனை ஆக்கியவர் வேலூரில் பிறந்த நடராச முதலியார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைத்திலது. படைப்பு ஒன்றும் எஞ்சாத படைப்பாளரைப் பற்றி வரலாறு எதனைக் கூறலாம், எதனைக் கூறலாகாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

பிறந்த மண்

நடராச முதலியார் பிறந்த 1885 ஆம் ஆண்டில் வேலூர் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்; 1911 இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரே வேலூர் தலைமை பெற்றது. வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே செல்வோர் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை அடைவர். கிழக்கே இராணிப்பேட்டையும், மேற்கே பேரணாம்பட்டும் உள்ளன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஊர்கள் இவை. முதல் உலகப் போரின்போது படைவீரரின் காலணிகளுக்குச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல் பெரிதும் வேண்டப்பட்டது. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற் சென்றன. தொழிலால் இவ்வூர்கள் இன்றும் ஒரே நிலப்பகுதியாகவே விளங்குகின்றன.

இப்பகுதியை வணிக நிலமாக ஆக்கியவற்றுள் இருப்புப்பாதை தலையாயது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை திறக்கப்பட்டது. பின்னர் அது காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியே சோலையார்பேட்டையை அடைந்தது. 1864 இல் அங்கிருந்து பெங்களூர்க்குக் கிளைப்பாதை அமைந்தது. இப்பாதையை ஈண்டு நாம் விரித்துரைத்தற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

வணிகத்திலிருந்து கலைக்கு

வணிகக் குடும்பத்தில் தோன்றிய நடராச முதலியார் இளமையிலேயே சென்னைக்குச் சென்றார். உறவினரான தருமலிங்க முதலியாருடன் கூடி முதலில் மிதிவண்டி வணிகமும், பின்னர் அமெரிக்க உந்துவண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் விற்கும் வணிகமும் நடத்தினார். எந்திரத்தைப் பிரிக்கவும் பூட்டவும் அறிந்த இவ்வணிகர் அசையும் படத்தின்பால் ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை.

தமிழகத்திற்கு அசையும் படம் அப்போது முற்றிலும் புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை எழுத்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி 1905 முதல் ஊர்தோறும் கூடாரமிட்டுக் காட்டிவந்தார். இரகுபதி வெங்கையா 1914 இல் சென்னையில் கெயிட்டி அரங்கைக் கட்டினார். ஆயினும் இவர்கள் காட்டியவற்றுள் பெரும்பாலானவை பிறநாட்டார் எடுத்த படங்கள். 1913 இல் பம்பாயில் தாதாசாகிப் பால்கே 'இராசா அரிச்சந்திரா'வை வெளியிட்டு, இந்நாட்டார் கதையை இந்நாட்டாரே படமாக்கலாம் என்பதை மெய்ப்பித்தார். அவ்வெண்ணம் நடராச முதலியாரிடத்தும் வேரூன்றியது.

அவர் பூனாவுக்குச் சென்று, ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரான ஸ்டூவர்ட் ஸ்மித் என்பாரிடம் கருவியைக் கையாளும் முறையைக் கற்றார். இவர் கர்சன் பிரபுவைப் பற்றிய செய்திப்படத்தில் பணியாற்றியவர் என்பர். சென்னைக்கு மீண்ட முதலியார் தஞ்சைப் பகுதி நிலக்கிழார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் படக்கருவி ஒன்றை விலைக்குப் பெற்றார். புரசைவாக்கத்தை அடுத்த மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா பிலிம் கம்பெனி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். படம் பிடித்தல், கதையமைத்தல், இயக்குதல், பதித்தல் ஆகிய நான்கையும் தாமே மேற்கொண்டார்.

கீசக வதம்

பாண்டவர் மறைந்துறைந்த காலத்தில், சைரந்திரியாக இருந்த பாஞ்சாலியை விரும்பிய கீசகனை வீமன் கொன்ற கதையை முதலியார் தம் முதற்படத்திற்குத் தேர்ந்தார். தொடக்க முயற்சிக்கு இக்கதை தகாது என நண்பர் சிலர் தடுத்தனர் என்றும், நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஊக்குவித்தார் என்றும் வரலாறு கூறும். 1891 இல் தோன்றிய சுகுண விலாச சபையில் பெண்வேடம் பூண்டு பெரும்புகழ் ஈட்டிய அரங்கவடிவேலு நடிப்போர்க்குப் பயிற்சி அளித்தார். இராசு முதலியார் கீசகனாகவும் சீவரத்தினம் பாஞ்சாலியாகவும் நடித்தனர். படத்தின் நீளம் ஏறத்தாழ 6,000 அடி. செலவு 35,000 உரூபா. வருவாய் 50,000 உரூபா என்று பதிவு செய்துள்ளனர். எல்பின்ஸ்டன் அரங்கில் காட்டப்பட்ட அப்படம் தமிழர் வாழ்ந்த கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றது.

எடுத்த சுருளைக் கழுவிப் பதிக்கும் கூடத்தை முதலியார் சென்னையில் அமைத்திலர், பெங்களூரில் அமைத்தார். அதன் பொறுப்பை நாராயணசாமி ஆச்சாரி என்பார் ஏற்றிருந்தார். வாரந்தோறும் எடுத்த சுருள்களை முதலியாரே பெங்களூர்க்குக் கொண்டுசென்று, வேலை முடித்து மீண்டு படப்பிடிப்பைத் தொடர்வது வழக்கமாயிருந்தது. குளிர்ந்த ஊர் என்பதே அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

குளிர்ச்சி ஏன் வேண்டும் என்பதை அறியச் சுருளின் இயல்பை அறிதல் வேண்டும். சுருளின் மேற்பூச்சு, வெள்ளியுப்புத் துகள்களைத் தாங்கும் செலட்டின் என்னும் பொருளால் ஆயது. செலட்டின் விலங்குகளின் தோலினின்றும் எலும்பினின்றும் எடுக்கப்படுவது. தச்சர் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வச்சிரத்தின் இனத்தது. அது நீரை உறிஞ்சி வீங்கும். வெம்மை மிகுந்தால் இளகிப் படிந்த உருவம் சிதையும். சென்னைக் கோடையின் வெந்நீரொத்த நீரில் சுருளைக் கழுவுதல் ஆகாது. இக்காலத்தார் குளிர்பதனப் பொறியால் முடித்துக்கொள்வதை அவர் இருப்புப்பாதையால் முடித்துக்கொண்டார் எனலாம்.

அப்பாதை யாது? மேலே கூறிய பாதையே அது. காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே ஆம்பூர்த் தோல் கிழக்கு நோக்கித் துறைமுகத்திற்குச் சென்றது. முதலியாரின் சுருள் மேற்கு நோக்கிப் பெங்களூர்க்குச் சென்றது. அவர்தம் கலை தோல் வணிகத்தின் விளைவு என்று நாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆயினும் இரு தொழிலும் ஒரே பாதையைச் சார்ந்து நின்றன என்பதும், விலங்குத் தோலின் இயல்பை அறிந்து நடத்தல் இரண்டற்கும் இன்றியமையாதது என்பதும் உண்மை. தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கத்தைச் சென்னை நகரின் வரலாறாக மட்டுமே எழுதும் வழக்கம் இவ்வுள்நாட்டுத் தொடர்பை மறைத்துவிடுகின்றது.

ஆண்டு பற்றிய வேறுபாடு

கீசக வதம் வெளியான ஆண்டினை 1916 என்பாரும், 1917 என்பாரும், 1918 என்பாரும் உளர். முதலியார் முதுமையில் கூறிய நினைவுகளும், அவற்றை அடியொற்றிப் பின்வந்தோர் எழுதியனவுமே இதற்குப் பெரும்பாலும் ஆதாரம். எனவே ஆண்டினை நேரே நாடாது, படத்தோடு சேர்த்துக் கூறப்படும் பிற செய்திகளால் அளந்து பார்ப்பதே தக்க நெறியாகும்.

அத்தகைய செய்தி ஒன்றுண்டு. மௌனப்படமாதலின் காட்சிகளினிடையே எழுத்துப் பலகைகள் இடம்பெற்றன. ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் அவை அமைந்தன என்றும், குருசாமி முதலியாரும் திருவேங்கட முதலியாரும் அவற்றை எழுத உதவினர் என்றும், இந்திப் பகுதியைக் காந்தியடிகளின் மைந்தர் தேவதாசு காந்தி எழுதினார் என்றும் கூறுவர். தேவதாசு காந்தி சென்னைக்கு இந்தி கற்பிக்க வந்தது 1918 ஆம் ஆண்டில். அவ்வாறாயின் 1916 அல்லது 1917 இல் சென்னையில் வெளியான படத்திற்கு அவர் எழுதியிருத்தல் எங்ஙனம்?

இதற்கு மூன்று விடைகள் கூறலாம். படம் 1918 இல்தான் வெளியாயிற்று என்பது ஒன்று. படம் முன்னரே வெளியாகி, வடநாட்டிற்கு அனுப்பிய படிகளில் இந்திப் பலகைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன என்பது மற்றொன்று. தேவதாசு காந்தி எழுதியது அடுத்து வந்த படங்களுக்கே. நினைவில் அது முதற்படத்தோடு கலந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றனுள் இரண்டாவது இயல்பானது என்பது எம் கருத்து. மௌனப்படத்தில் எழுத்துப் பலகையை வெட்டி வேறொன்றை ஒட்டுதல் எளிது. ஒரு மொழியின் சந்தைக்கு எடுத்த படத்தைப் பிறிதொரு மொழியின் சந்தைக்கு மாற்றும் வழியும் அதுவே. எவ்வாறாயினும் 1916 என்னும் கருத்து இச்செய்தியால் வலுவிழக்கின்றது என்பது ஒருதலை. நாம் இப்போதைக்கு 1917-18 என்று குறிப்பதே பொருந்தும்.

கதைத் தேர்வும் கூத்து மரபும்

கீசக வதத்தை அடுத்துத் 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'மயில் இராவணா', 'மார்க்கண்டேயா', 'காலிங்க மர்த்தனம்', 'ருக்மிணி சத்தியபாமா' ஆகிய படங்களை முதலியார் எடுத்தார். சுருள்கள் மறையினும் இப்பெயர்கள் எஞ்சின. பெயர்ப் பட்டியலும் ஒரு சான்றே. அதனைக் கூர்ந்து நோக்குவோம்.

முதல் இரு படங்களும் பாஞ்சாலியைப் பற்றியன. வேலூர், ஆர்க்காடு, திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில் விழா தொன்றுதொட்டு நிகழ்வது. பகலில் வில்லிபாரத விரிவுரையும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். படுகளமும் தீமிதியும் இறுதியில் அமையும். துகிலுரிதலும் கீசக வதையும் அக்கூத்துகளுள் மக்கள் பெரிதும் விரும்புவன. வில்லிபுத்தூராரும் கீசகன் வதையைத் தனிச் சருக்கமாகவே பாடினார். மேலும் மயில் இராவணன் கதை கம்பர் காப்பியத்தில் இல்லாதது. கதைப்பாடலிலும் கூத்திலும் வாழ்வது. இலவகுசர் கதையும் கம்பர் பாடாத உத்தரகாண்டத்தைச் சார்ந்தது. எனவே முதலியாரின் பட்டியல் புலவர் போற்றும் ஏட்டுமரபினும் ஊரார் விழாவிற் கண்ட மரபுக்கே அணுக்கமாக நிற்கின்றது.

இதனை மறுத்துரைக்கவும் இடமுண்டு. இக்கதைகள் சென்னை நாடகக் கம்பெனிகளின் மேடையிலும் இடம்பெற்றவை. பால்கே 1917 இல் இலங்கை எரிப்பையும் 1919 இல் காளியன் அடக்கத்தையும் படமாக்கினார். ஆதலின் புராணக் கதை அந்நாளைய இந்தியத் திரைக்கெல்லாம் பொது. முதலியாரே இரவிவர்மாவின் ஓவியங்களில் ஈடுபாடுடையவர் எனப்படுவதால் காட்சியமைப்புக்கு அவ்வோவியங்களும் துணையாயிருக்கலாம். இம்மறுப்புகள் வலியுடையன. ஆதலின் கூத்துமரபே அவருக்கு மூலம் என்று நாம் துணியவில்லை. பேசாப் படத்திற்குக் கதை முன்னரே தெரிந்த கூட்டம் வேண்டும். அத்தகைய கூட்டத்தை நூற்றாண்டுகளாக ஆக்கி வைத்திருந்தது கூத்துமரபு என்று கூறுதலே சான்றுக்கு அடங்கிய முடிவாகும்.

பாஞ்சாலி கதைக்கு அந்நாளில் வேறொரு பொருளும் இருந்தது. காடில்கர் 1907 இல் மராத்தியில் அரங்கேற்றிய 'கீசக வதம்' நாடகத்தில் கீசகன் கர்சனாகவும் பாஞ்சாலி பாரத நாடாகவும் கருதப்பட்டனர். 1910 இல் அரசு அதனைத் தடை செய்தது. பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912 இல் வெளியிட்டார். கர்சனைப் படமெடுத்தவர் எனப்படுபவரிடம் தொழில் கற்றவர் கீசக வதத்தை முதற்கதையாகத் தேர்ந்தமை நினைவில் நிற்கத் தக்கது. ஆயினும் முதலியாரின் உள்ளக்கிடக்கை இதுவெனக் காட்டும் சொல் ஒன்றும் இல்லாதபோது அதனைத் தேசியப் படம் என்று பெயரிடுதல் ஆராய்ச்சியாகாது.

சப்பானிய ஒப்புமை

முதலியாரின் நிலையைத் தெளிய, அவர் காலத்தவரான சப்பானியப் படைப்பாளர் மக்கினோ சோசோவின் வரலாற்றை ஒப்பிடுதல் பயனுடைத்து. கியோத்தோ நகரில் நாடக அரங்கு நடத்திய மக்கினோ 1908 இல் முதற்படத்தை எடுத்தார். 1909 முதல் ஒனோயே மத்சுனோசுக்கே என்னும் நடிகரைக் கொண்டு, மக்கள் கபுக்கி மேடையிலும் கதைசொல்லிகளின் வாயிலும் அறிந்த வீரக் கதைகளைப் படமாக்கினார். அந்நாட்டு அரங்குகளில் 'பென்சி' எனப்பட்ட உரையாளர் திரையருகே நின்று கதையை எடுத்துரைத்தனர். தமிழகக் கூடாரங்களிலும் எழுத்தறியாதார்க்குப் பலகையைப் படித்துக் கதை விளக்குவோர் இருந்தனர். தெரிந்த கதை, மேடையில் பயின்ற நடிகர், உரையாளர் குரல் என்னும் மூன்றும் இரு நாட்டுக்கும் பொதுவாயின.

அழிவும் பொதுவே. மக்கினோ 1928 இல் எடுத்த நாற்பத்தேழு வீரர் கதைப்படத்தைத் தொகுக்கையில் தீ மூண்டு சுருளின் ஒரு பகுதி எரிந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 1923 இன் பெருநிலநடுக்கமும் பின்வந்த போரும் சப்பானியப் பழம்படங்களுள் மிகப் பலவற்றை அழித்தன. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. சப்பானில் 1912 இலேயே நிக்கட்சு என்னும் பெருநிறுவனம் அமைந்தது. மக்கினோவிடம் பயின்றோர் பலர் அவர் பணியைத் தொடர்ந்தனர். அவர் மைந்தர் மசாகிரோவும் புகழ்பெற்ற இயக்குநராயினார். ஆகவே படம் அழியினும் மரபு அழிந்திலது. முதலியார்க்கு அத்தகைய நிறுவனமோ வழிமரபோ வாய்த்திலது.

தீயும் முடிவும்

அக்காலச் சுருளின் அடித்தாள் நைத்திரேற்றுச் செலுலோசால் ஆயது. அது தனக்கு வேண்டும் உயிர்வளியைத் தன்னுள்ளேயே கொண்டிருத்தலின், பற்றினால் நீராலும் எளிதில் அவியாது. முதலியாரின் கூடத்தில் நேர்ந்த தீயில் அவர் உழைப்பின் பயன் அழிந்தது. அவர் தம் மகனையும் இழந்தார். 1923 ஆம் ஆண்டளவில் அவர் படத்தொழிலை விட்டு நீங்கினார். 1931 இல் 'காளிதாஸ்' தமிழ் பேசியபோதும், பின்னர்ச் சென்னை படநகராக வளர்ந்தபோதும் அவர் உயிரோடிருந்தார். ஆனால் அத்துறைக்கு மீண்டிலர்.

தீக்கு இரையாகாத படிகளும் பிழைத்தில. ஓடி ஓடித் தேய்ந்த மௌனப்படத்திற்குப் பேசும்படம் வந்தபின் மதிப்பில்லை. பழஞ்சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றல் எங்கும் வழக்கமாயிருந்தது. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் தோன்றியது 1964 இல். முதலியார் தொழிலை விட்டு அதற்குள் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

செய்யத் தக்கன

மேற்கூறியவற்றால் முதலியாரின் கலைத்திறம் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ தீர்ப்புக் கூறுதல் இயலாதென்பது பெறப்படும். காணாத படத்தைப் புகழ்தல் இரங்கற்பாவாகலாம், வரலாறாகாது. ஆனால் அவர் செய்த செயல்கள் தெளிவானவை. பிறர் படத்தைக் காட்டும் ஊரைப் படம் ஆக்கும் ஊராக மாற்றினார்; மேடை நடிப்பைப் படக்கருவியின் முன் கொணர்ந்தார்; ஒரு படத்தைப் பல மொழியார்க்கும் உரியதாக்கும் வழியைக் கண்டார்; வெப்பநாட்டில் சுருள் கழுவும் இடர்ப்பாட்டிற்குத் தாமே தீர்வு தேடினார். இவை போதும், அவரை முதல்வர் என்று அழைத்தற்கு.

தமிழ்த்துறையினர் செய்யத் தக்கன இரண்டுள. திரைப்படச் சட்டம் 1918 இல் பிறந்தது. தணிக்கைக் குழு சென்னையில் 1920 இல் அமைந்தது. அதன்பின் வெளியான ருக்மிணி சத்தியபாமா முதலியவற்றின் சுவடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசுத்தாள்களிலும் அந்நாளைய செய்தித்தாள் விளம்பரங்களிலும் நாடுதல் ஒன்று. வடஆர்க்காட்டுக் கூத்தர் ஆடிவரும் கீசக வதம், துகிலுரிதல், மயில் இராவணன் ஆகியவற்றின் அமைப்பை ஊர்தோறும் சென்று பதிவு செய்தல் மற்றொன்று. முன்னது படத்தின் ஆண்டையும் நீளத்தையும் உறுதி செய்யலாம். பின்னது அப்படத்தைக் கண்ட மக்கள் எக்கண்ணோடு கண்டனர் என்பதை உணர்த்தும். சப்பானில் கினுகாசா 1926 இல் எடுத்துத் தொலைந்ததாகக் கருதிய படம் 1971 இல் அவர்தம் பண்டசாலையிலேயே கிடைத்தது. ஆறாயிரம் அடியில் ஓர் அடியேனும் எங்கோ ஒரு தகரப் பெட்டியில் இருத்தலும் கூடும். தேடாது விட்டால் இருப்பதும் இல்லாததாகும். கூத்தோ ஆடுவோர் உள்ளவரை உள்ளது. அதனைப் பதிவு செய்யும் பணியை முதலில் தொடங்குதல் நம் கடமையாம்.